கப்பா கேசின் ‘பிபி’ காளைக்குப் பிறந்த கிடேரி ஆயுசுக்கும் கூடுதலாகக் கறக்குமா?

திருச்செங்கோடு பக்கம் 12 கலப்பின மாடு வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டது இது. சினை ஊசிக்காகக் காளைப் பட்டியலைப் புரட்டியிருக்கிறார். ஒரு ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டைன்) காளையின் பெயருக்கு நேரே ‘பீட்டா கேசின் ஏ2ஏ2, கப்பா கேசின் பிபி’ என்று போட்டிருந்ததாம். அந்த விந்துக் குச்சிக்கு விலையும் அதிகம். “பால் புரதத்து மரபணு நல்லா அமைஞ்ச காளைன்னு சொல்றாங்கண்ணே. அதோட கிடேரி ஆயுசுக்கும் நல்லா கறக்குமா? காசு கூடப் போனாலும் இதையே போட்டுடலாமா?”

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. அந்த எழுத்துகள் பாலின் குணத்தைப் பற்றிப் பேசுபவை. பாலின் அளவைப் பற்றி அவை சொல்வது கொஞ்சம்தான். மாடு எத்தனை ஈற்று தாங்கும் என்பதைப் பற்றி அவற்றை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆயுள் முழுக்கக் கறக்கும் மொத்தப் பால் வேறு இடத்தில் தீர்மானமாகிறது: கிடேரி எந்த வயதில் முதல் கன்று போடுகிறது, கன்றுக்கும் கன்றுக்கும் எத்தனை மாதம், மடியும் குளம்பும் எவ்வளவு காலம் கெடாமல் இருக்கின்றன. ஆனாலும் பால் புரத மரபணுவுக்கும் மாட்டின் ஆயுளுக்கும் தொடர்பே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. அந்தத் தொடர்பு நாம் நினைக்கும் வழியில் வருவதில்லை. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு 20 லிட்டர் கறக்கும் மாட்டை எடுத்துக்கொள்வோம். பாலில் புரதம் 3.2 சதவீதம் என்றால் அந்த மாடு தினமும் 640 கிராம் புரதத்தைத் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். மீதி, திரிந்த பாலில் தெளிந்து நிற்கும் நீரோடு போய்விடும் வே புரதம். கேசினில் நான்கு வகை: ஆல்ஃபா எஸ்1, ஆல்ஃபா எஸ்2, பீட்டா, கப்பா. வே புரதத்தில் முக்கியமானவை இரண்டு: பீட்டா லாக்டோகுளோபுலின், ஆல்ஃபா லாக்டால்புமின். இந்த ஆறும் ஆறு மரபணுக்களின் வேலை. இதில் கவனிக்க வேண்டியது, நான்கு கேசின் மரபணுக்களும் ஆறாவது குரோமோசோமில் ஒன்றுக்கொன்று ஒட்டியபடி, சுமார் இரண்டரை லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்குள் அடங்கியிருக்கின்றன. ஒரே வரிசை வீடுகள் மாதிரி. இந்த ஒட்டுதல்தான் பின்னால் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என்பதால் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே புரதத்திலும் மாட்டுக்கு மாடு ரகம் வேறுபடும் என்பது 1955-ல் தெரியவந்தது. இங்கிலாந்தில் அஷாஃபென்பர்க், ட்ரூரி என்ற இருவர் பால் புரதத்தைக் காகிதத்தின்மேல் மின்சாரம் செலுத்திப் பிரித்துப் பார்த்தார்கள். பீட்டா லாக்டோகுளோபுலின் சில மாடுகளில் ஒரு பட்டையாகவும் சில மாடுகளில் இரண்டு பட்டையாகவும் வந்தது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. அதன்பின் கேசின்களிலும் இதேபோல ரகங்கள் வரிசையாகத் தெரியவந்தன. பாலைச் சோதித்தால் பசுவின் ரகம் தெரிந்துவிடும், ஆனால் காளை கறக்காதே! ஒரு காளையின் ரகம் தெரிய அதன் மகள்கள் வளர்ந்து, ஈன்று, கறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1990 வாக்கில், மரபணுத் துண்டைப் பல படி எடுத்துப் பார்க்கும் பி.சி.ஆர். முறை வந்த பிறகுதான் ஒரு சொட்டு ரத்தத்திலோ விந்திலோ காளையின் ரகத்தை நேராகப் படிக்க முடிந்தது. இன்று உங்கள் கையில் இருக்கும் பட்டியலில் ‘பிபி’ (தாய் வழியிலும் பி, தகப்பன் வழியிலும் பி) என்று அச்சாகியிருப்பது அதனால்தான்.

சரி, கப்பா கேசின் பி என்றால் என்ன? பாலில் கேசின் தனித்தனியாக மிதப்பதில்லை. நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு மிதக்கிறது. அந்த உருண்டையின் மேற்பரப்பில் மயிர்க்கால் போல நீட்டிக்கொண்டிருப்பது கப்பா கேசின். அந்த மயிர் இருக்கும்வரை உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாது, பால் பாலாகவே இருக்கும். கன்றின் வயிற்றில் சுரக்கும் ரென்னெட் நொதி, கப்பா கேசினின் 169 அமினோ அமிலங்களில் 105-க்கும் 106-க்கும் நடுவே வெட்டுகிறது. மயிர் உதிர்ந்ததும் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு பால் கட்டியாகிறது. பாலாடைக்கட்டி செய்வதன் அடிப்படையே இதுதான். ஏ ரகத்துக்கும் பி ரகத்துக்கும் இரண்டே அமினோ அமிலம் வித்தியாசம், 136-லும் 148-லும். ஆனால் பி ரகப் பாலில் கப்பா கேசின் கூடுதலாக இருக்கும், உருண்டைகள் சிறியதாக இருக்கும், ரென்னெட் விட்டால் சீக்கிரம் உறையும், கட்டியும் இறுக்கமாக வரும்.

ஜெர்சியிலும் பிரவுன் ஸ்விஸ்ஸிலும் பி ரகம் தாராளமாக உண்டு. ஹோல்ஸ்டைனில் ஏ ரகம்தான் மிகுதி. வட இத்தாலியில் பார்மிஜானோ என்ற பாலாடைக்கட்டிச் சக்கரம் ஒன்றுக்குச் சுமார் 550 லிட்டர் பால் பிடிக்கும். அந்தப் பால் சரியாக உறையாவிட்டால் நஷ்டம் எவ்வளவு என்று பாருங்கள். அங்கே இந்த எழுத்துக்கு உண்மையாகவே மதிப்பு இருக்கிறது. பின்லாந்தில் இதற்கு நேரெதிர் கதை. அங்குள்ள அயர்ஷைர் மாடுகளில் பத்தில் ஒன்று போல, ரென்னெட் விட்டு அரைமணி நேரம் ஆனாலும் உறையாத பாலைக் கறந்தன. அந்த இனத்தில் கப்பா கேசினின் ‘ஈ’ என்ற இன்னொரு ரகம் அதிகம், அதற்கும் இதில் பங்குண்டு என்று அங்கே கண்டார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தது படிக்கும் காலத்தில். இரண்டு கண்ணாடிக் குழாயில் பத்துப் பத்து மில்லி பால், 35 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் நிற்கிறது. ஒன்று ஏஏ மாட்டுப் பால், மற்றது பிபி மாட்டுப் பால். இரண்டிலும் ஒரே அளவு ரென்னெட் விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிபிதான் முந்தும் என்று எல்லோரும் எழுதி வைத்தாயிற்று. கால் மணி நேரம் தாண்டியதும் ஏஏ குழாயைச் சாய்த்தால் பால் நகரவில்லை, வெள்ளைத் தகடாக நின்றது. பிபி குழாய் அரைமணிக்குப் பிறகும் தண்ணீர் மாதிரி ஓடியது. ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னத் துணுக்குகள். குழாய் மாறிவிட்டது என்றுதான் நினைத்தோம். எங்கள் ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் மீதிப் பாலைக் கறுப்புத் தட்டில் ஊற்றி, மடிநோய்ச் சோதனைக் கரைசலை விட்டுச் சுழற்றினார். பால் சளி மாதிரி இழுபட்டது. வெளியே வீக்கமோ சூடோ தெரியாத, உள்ளுக்குள் இருக்கும் மடிநோய். அந்த நிலையில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மின் என்ற நொதி மடிக்குள் அதிகமாக இறங்கி, கறப்பதற்கு முன்பே கேசினைத் துண்டு துண்டாக்கிவிடும். மரபணு எழுதிக் கொடுத்த நல்ல புரதத்தை மடி அங்கேயே அறுத்துப் போட்டுவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் இந்தத் துறையில் இருந்துவிட்டேன், காளைப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு குழாய்தான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று. நம் வீட்டுத் தயிர் ரென்னெட்டால் உறைவதில்லை, புளிப்பால் உறைகிறது. பனீரும் அப்படித்தான், சூடும் புளிப்பும். ஆகவே ரென்னெட்டில் பி ரகத்துக்கு உள்ள சாமர்த்தியம் நம் பால்கடைக்கோ தயிர்ச்சட்டிக்கோ அப்படியே வந்துவிடாது. (தயிர் கெட்டியாக வருவதில் இன்னொரு புரதத்துக்கு வேலை உண்டு. பாலை நன்றாகக் காய்ச்சும்போது பீட்டா லாக்டோகுளோபுலின் வடிவம் குலைந்து கேசின் உருண்டையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் சுண்டக் காய்ச்சிய பாலில் தயிர் கத்தியால் வெட்டலாம்போல நிற்கிறது. நம் பாட்டிமார்கள் மரபணு பார்க்காமலே கண்டுபிடித்தது.)

இப்போது அளவுக்கு வருவோம். பால் புரத ரகத்துக்கும் கறவைக்கும் தொடர்பு உண்டா என்று 1980-களிலிருந்து கனடா, நெதர்லாந்து, இத்தாலி என்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான மாடுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் ஈற்றுக் கறவையையும் பார்த்தார்கள், ஆயுள் கறவையையும் பார்த்தார்கள். கப்பா பி உள்ள மாட்டில் புரதச் சதவீதம் சற்றுக் கூடுவது பலமுறை வந்திருக்கிறது. பீட்டா லாக்டோகுளோபுலினில் ஏ ரகம் இருந்தால் வே புரதம் கூடும், பி ரகம் இருந்தால் மொத்தப் புரதத்தில் கேசினின் பங்கு கூடும் என்பதும் உறுதியான விஷயம். ஆனால் ‘இந்த ரகம் இருந்தால் இத்தனை லிட்டர் கூடும்’ என்று போனால் ஒரு மந்தையில் வந்த விடை அடுத்த மந்தையில் வரவில்லை. ஆயுள் கறவையில் அந்தக் குழப்பம் இன்னும் அதிகம்.

ஏன்? முன்பு சொன்ன வரிசை வீடுதான் காரணம். நான்கு கேசின் மரபணுக்களும் ஒரு கட்டாகவே கன்றுக்குப் போகின்றன. கப்பாவில் பி உள்ள கட்டில் பீட்டாவில் எந்த ரகம் என்பது இனத்துக்கு இனம், காளைக் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஒரு மந்தையில் கப்பா பி மாடுகள் அதிகம் கறந்தால், அது கப்பாவின் வேலையா, பக்கத்து வீட்டுப் பீட்டாவின் வேலையா, இல்லை அந்தத் தெருவிலேயே இருக்கும் வேறொருவரின் வேலையா என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த மந்தையில் பி ரகத்தைக் கொண்டுவந்தது ஒரே ஒரு நல்ல காளை என்றால், அந்தக் காளையின் மற்ற எல்லா நல்ல குணத்துக்கும் பி எழுத்துக்குப் பேர் போய்ச் சேரும்.

ஒரே ஒரு கேசின் மரபணு உற்பத்தியையே புரட்டிப் போடும் இடமும் உண்டு, ஆனால் அது மாட்டில் இல்லை, ஆட்டில். வெள்ளாட்டின் ஆல்ஃபா எஸ்1 கேசினில் பலமான ரகம், நடுத்தரம், மெலிந்தது, சுத்தமாகச் சுரக்காதது என்று படிப்படியாக உண்டு. பலமான ரகம் ஒன்று லிட்டருக்குச் சுமார் 3.6 கிராம் அந்தப் புரதத்தைக் கொடுக்கும்; மெலிந்த ரகத்தில் அது ஒரு கிராம்கூட இருக்காது. பிரான்சில் கிடாக்களைத் தேர்ந்தெடுக்க இதைப் பார்த்தார்கள், பலனும் கிடைத்தது. பசுவில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. ஆட்டில் நடந்ததைச் சொல்லி மாட்டு விந்து விற்பவர்கள் யாராவது வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

பால் எவ்வளவு என்பதை ஓரளவு நேரடியாகத் தொடும் புரதம் ஒன்று உண்டென்றால் அது ஆல்ஃபா லாக்டால்புமின். பால் சர்க்கரையான லாக்டோஸைக் கட்டும் நொதியில் அது ஒரு பாதி. மடிக்குள் லாக்டோஸ் எவ்வளவு சுரக்கிறதோ அதற்கேற்ப நீர் இழுக்கப்படுகிறது. பாலின் கன அளவு அங்கேதான் நிர்ணயமாகிறது. பட்டியலில் அதன் பெயரை யாரும் போடுவதில்லை. அதேபோல, பால் புரத மரபணுவே அல்லாத டிகேட்1 என்ற மரபணு (2002-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த குழு கண்டது) கொழுப்பு, புரதச் சதவீதம், பால் அளவு மூன்றையும் அசைக்கிறது. அதன் ஒரு ரகம் கெட்டிப் பாலைக் கொடுக்கும், மற்றது அளவைக் கூட்டும். நம் நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் கெட்டிப் பால் ரகம்தான் ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது.

இனி ஆயுள். இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பண்ணைப் பதிவேட்டில் ‘இந்த மாடு 3 ஈற்று இருந்தது’ என்று இருந்தால், மூன்று ஈற்றோடு அதன் உடம்பு தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலான மாடுகள் தொழுவத்தில் வயதாகிச் சாவதில்லை, விற்கப்படுகின்றன. கறவை போதாது என்று விற்றது ஒரு வகை. சினை நிற்கவில்லை, மடி கெட்டது, கால் நொண்டுகிறது என்று வேறு வழியில்லாமல் விற்றது இன்னொரு வகை. முதல் வகையில் முடிவெடுத்தது உடைமையாளர். இரண்டாவதில் முடிவெடுத்தது மாட்டின் உடம்பு.

புரதத்துக்குக் காசு தரும் நாட்டில் ஒரு மரபணு புரதத்தைக் கொஞ்சம் கூட்டினால், அந்த மாட்டை உடைமையாளர் இன்னொரு வருடம் வைத்துக்கொள்வார். பதிவேட்டில் அது ‘ஆயுள் கூடிய மாடு’ என்று ஏறும். மரபணு மாட்டின் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை, உடைமையாளரின் மனத்தை மாற்றியிருக்கிறது. அதனால்தான் இனவிருத்தி ஆய்வாளர்கள் கறவை அளவின் செல்வாக்கைக் கழித்துவிட்டு மீதி ஆயுளைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள். அப்படிக் கழித்துப் பார்த்தால் புரத ரகத்தின் பங்கு மேலும் சுருங்கும். நம் ஊரில் பாலுக்கு விலை கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) வைத்துத்தான். புரதம் எஸ்.என்.எஃப்.புக்குள் அடக்கம்; தனியாக அதற்கு ஒரு பைசாவும் வராது. ஆகவே வெளிநாட்டில் அந்த எழுத்து உடைமையாளரின் மனத்தில் செய்யும் வேலையும் இங்கே நடக்காது.

உடம்பு வழியாக ஆயுளைத் தொடும் ஒரு பாதையும் இருக்கிறது என்றேன் அல்லவா, அது இந்த ஆறாவது குரோமோசோமிலேயே இருக்கிறது. 12 கோடி எழுத்து நீளமுள்ள அந்தக் குரோமோசோமில், கேசின் வரிசையிலிருந்து பத்துப் பதினைந்து லட்சம் எழுத்து தள்ளி ‘ஜி.சி.’ என்றொரு மரபணு. ரத்தத்தில் வைட்டமின் டி-யைச் சுமக்கும் புரதத்தைச் செய்வது அதன் வேலை. ஹோல்ஸ்டைன் மாடுகளில் மடிநோய் எளிதில் வருமா வராதா என்பதற்கான பலமான அடையாளம் பல ஆய்வுகளில் இந்த இடத்தில்தான் விழுந்தது. 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று காரணத்தையும் காட்டியது: ஜி.சி.க்குப் பக்கத்தில் 12,000 எழுத்துத் துண்டு ஒன்று சில மாடுகளில் திரும்பத் திரும்பப் படி எடுக்கப்பட்டிருக்கிறது. படிகள் கூடிய மாடுகளுக்கு மடிநோயை எதிர்க்கும் சக்தி குறைவு. அப்படியானால் அது ஏன் மந்தையிலிருந்து ஒழியவில்லை? அதே துண்டு பால் அளவைக் கூட்டுவதோடும் சேர்ந்திருக்கிறது. பாலுக்காகக் காளையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனவர்கள் தெரியாமலே மடிநோயையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

தூரத்தைப் பாருங்கள். அவ்வளவு அருகில் இருக்கும் இரண்டு மரபணுக்கள் நூறு கன்றில் ஒன்றிரண்டில்தான் பிரிந்து போகும், மற்றதிலெல்லாம் சேர்ந்தே போகும். ஆகவே ஒரு காளையின் நல்ல கேசின் கட்டு, அந்தக் குடும்பத்தில் மடிநோய்த் துண்டோடு கட்டுண்டு வரலாம். வேறொரு குடும்பத்தில் அது இல்லாமலும் வரலாம். எழுத்து இரண்டிலும் ‘பிபி’ என்றே இருக்கும். ஒரு குடும்பத்தின் மகள்கள் ஏழெட்டு ஈற்று நிற்க, இன்னொரு குடும்பத்தின் மகள்கள் மூன்றாம் ஈற்றில் ஒரு காம்பு அடைத்துச் சந்தைக்குப் போகும். பால் புரத மரபணுவுக்கும் ஆயுள் உற்பத்திக்கும் உடம்பு வழியாக உள்ள தொடர்பு என்று நான் மதிப்பது முக்கியமாக இதைத்தான்: அக்கம்பக்க சகவாசம்.

பாலை மட்டும் பார்த்துக் காளையைத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ஹோல்ஸ்டைன் வரலாறே சாட்சி. 1962-ல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற காளைக்கு 16,000 மகள்கள். பாலில் அபாரம். அதன் ரத்தம் இன்றைய ஹோல்ஸ்டைனில் ஏழில் ஒரு பங்கு போல ஓடுகிறது. ஆனால் அதன் ஐந்தாவது குரோமோசோமில் ஒரு பழுது இருந்தது. தாய் தகப்பன் இரண்டு பக்கமும் அந்தப் பழுது வந்துவிட்டால் கரு நிற்காது. அதனால் உலகம் முழுக்க 5 லட்சம் சினைகள் கலைந்திருக்கும் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். அமெரிக்கர்கள் 1994-ல்தான் காளை மதிப்பீட்டில் மகள்களின் ஆயுளையும் மடி ஆரோக்கியத்தையும் சேர்த்தார்கள், சினை பிடிக்கும் திறனை 2003-ல். நார்வேக்காரர்கள் 1970-களிலேயே ஒவ்வொரு மாட்டின் நோய்க் குறிப்பையும் பதிவு செய்து, அதைக் காளைத் தேர்வுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நார்வீஜியன் ரெட் மாட்டின் சினைத் திறனுக்கும் மடிக்கும் உள்ள நல்ல பெயர் சும்மா வந்ததல்ல.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. புரதச் சதவீதத்தில் மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாட்டில் பாதி போல மரபால் வருவது. தேர்ந்தெடுத்தால் சீக்கிரம் மாறும். பால் அளவில் அது கால் பங்கு சுமார். ஆயுளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சினை பிடிப்பதில் இன்னும் குறைவு, நூற்றுக்கு ஐந்துகூட வராது. எது எளிதில் மாறுமோ அதையே காளைப் பட்டியல் பெரிதாகக் காட்டும். நமக்கு எது அதிகம் வேண்டுமோ அதில் பெரும்பங்கு தீவனத்திலும் பராமரிப்பிலும் கிடக்கிறது.

கணக்கைப் போட்டுவிடுவோம். லிட்டரையும் கிலோவையும் ஒன்றாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கிடேரி 36 மாதத்தில் முதல் கன்று போடுகிறது, அடுத்தடுத்து 18 மாதத்துக்கு ஒரு கன்று. 9 வயது முடிவதற்குள் நான்கு ஈற்றுக் கறவை முடியும். இடைவெளி நீளம் என்பதால் ஈற்றுக்கு 3,000 லிட்டர் என்று தாராளமாகவே வைப்போம்: மொத்தம் 12,000. இன்னொரு கிடேரி 30 மாதத்தில் கன்று போட்டு, 13 மாதத்துக்கு ஒன்று போடுகிறது. அதே 9 வயதுக்குள் ஆறு கறவை. ஈற்றுக்கு 2,700 என்று குறைத்தே வைத்தாலும் 16,200 லிட்டர். வித்தியாசம் 4,200 லிட்டர். 3.2 சதவீதத்தில் அது 134 கிலோ புரதம். இப்போது முதல் மாட்டுக்கு நல்ல எழுத்துகளைக் கொடுத்து, புரதம் 0.1 சதவீதம் கூடுகிறது என்று தாராளமாக வைத்தாலும், 12,000 லிட்டருக்கு 12 கிலோ. பதினோரு மடங்கு வித்தியாசம். இரண்டாவது மாட்டுக்குக் கன்றும் இரண்டு கூடுதல், அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

உலகச் சாதனையும் இதே கணக்குத்தான். கனடாவின் ஆன்டாரியோவில் ஸ்மர்ஃப் என்ற ஹோல்ஸ்டைன் பசு, 2012 பிப்ரவரி வரை 2,16,891 கிலோ பால் கறந்து கின்னஸில் ஏறியது. 3 சதவீதம் என்று குறைத்து வைத்தாலும் 6,500 கிலோ புரதம். எவ்வளவு உயர்ந்த மரபணுவாக இருந்தாலும் மூன்றாம் ஈற்றில் விற்றுப்போன மாட்டால் அந்த இடத்துக்கு வரவே முடியாது. முதல் ஈற்றில் மாடு தன் முழுத் திறனில் முக்கால் பங்குதான் கறக்கும். மூன்றாம், நான்காம் ஈற்றில்தான் உச்சம். அதற்கு முன்பே விற்கும் மாடு வளர்ந்த செலவைத் தீர்த்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

பெரிய நாட்டுக்கெல்லாம் போக வேண்டாம். ஈரோட்டுப் பக்கம் ஒரு அம்மாவிடம் ஒரே ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு இருந்தது. உச்சத்தில் பத்து லிட்டர், அதற்கு மேல் கறந்ததில்லை. 12 வயதில் ஒன்பதாவது கன்று போட்டபோது, நஞ்சுக்கொடி விழத் தாமதமாகிறதே என்று என்னைக் கூப்பிட்டார். தொழுவத்துச் சுவரில் கரிக்கட்டியால் வரிசையாகத் தேதி எழுதியிருந்தது: ஊசி போட்ட நாள், அதற்கு நேரே கன்று போட்ட நாள். ஒன்பது ஜோடி. எழுதப் படிக்க வராதாம், பேத்தியை விட்டு எழுத வைத்தாராம். கன்று போட்ட இரண்டரை மாதத்துக்குள் பருவத்தைக் கவனித்து ஊசி போட்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும். கறந்து முடித்ததும் மாட்டை உடனே படுக்க விடமாட்டாராம். காம்புத் துளை மூடும்வரை நிற்கட்டும் என்று அந்த நேரம் பார்த்துத் தீவனம் வைப்பாராம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “மடி தரையில பட்டா நோவு வரும்னு எங்காத்தா சொல்லும்” என்றார். அந்த மாட்டின் கப்பா கேசின் ரகம் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இனி ஏ2. பீட்டா கேசினின் 209 அமினோ அமிலங்களில் 67-வது இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. அந்த ஒரு மாற்றத்தால் ஏ1 பால் செரிக்கும்போது பி.சி.எம்.7 என்ற துணுக்கு எளிதில் பிரிகிறது என்பதுதான் விவாதம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் இதை ஆராய்ந்து, அந்தத் துணுக்குதான் நோய்களுக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை என்றது. இந்தியாவில் 2024 ஆகஸ்ட் 21 அன்று பால் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. ஐந்தே நாளில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. குடிப்பவர் உடம்பைப் பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கறக்கும் மாட்டின் கறவைக்கும் ஆயுளுக்கும் ஏ2 ஒரு உத்தரவாதம் அல்ல. நம் நாட்டு மாடுகளில் ஏறக்குறைய எல்லாமே ஏ2தான், எருமையும் ஏ2தான். நாட்டு மாடு நீண்ட நாள் வாழ்கிறதே, அது ஏ2-வால்தான் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த மாட்டின் வெயில் தாங்கும் தோல், உண்ணியை எதிர்க்கும் சக்தி, கெட்டிக் குளம்பு, மடியை வதைக்காத அளவான கறவை, இவற்றை விட்டுவிட்டு ஒரு அமினோ அமிலத்துக்கு மாலை போடுவது அந்த மாட்டுக்கே செய்யும் அநியாயம்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன், தம்பி. பிபி காளைக்குப் பிறக்கும் கிடேரி பிபியாக இருக்காது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தகப்பனிடமிருந்து ஒரு பி வரும். மற்றது உங்கள் மாட்டிடமிருந்து. உங்கள் மாடு ஏஏ என்றால் கிடேரி ஏபி. ஏ2-வும் அப்படியே. பாலாடைக்கட்டி செய்பவர் யாராவது உங்களிடம் கூடுதல் விலைக்குப் பால் எடுக்கிறாரா? ஏ2 என்று சோதனை செய்து தனி விலை கொடுக்கும் வாடிக்கையாளர் இருக்கிறாரா? இருந்தால் அந்தக் காளைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம், அது வியாபாரக் கணக்கு. சொசைட்டிக்குத்தான் ஊற்றுகிறீர்கள் என்றால் அந்த எழுத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அதே விலையில் கிடைத்தால் கெடுதலும் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘ஏ2ஏ2, பிபி இரண்டும் இருந்தால்தான் ஊசி’ என்று பிடிவாதம் பிடித்தால் பட்டியலில் பெரும்பாலான காளைகள் கழிந்துவிடும். நல்ல மடியும் நல்ல சினைத் திறனும் உள்ள காளை அந்தக் கழிந்த பக்கத்தில் இருக்கலாம்.

பட்டியலைத் திரும்ப எடுத்து வேறு மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, மகள்களின் மடி அமைப்பும், மடிநோயைக் காட்டிக்கொடுக்கும் பாலின் செல் எண்ணிக்கையும். மடி முழங்காலுக்கு மேலே நிற்கிறதா என்பது எந்தக் கேசினைவிடவும் முக்கியம். இரண்டு, மகள்களின் சினை பிடிக்கும் திறன், அதோடு கன்று போடுவதில் சிரமம். மூன்று, எத்தனை மகள்களை வைத்து அந்த மதிப்பு போட்டிருக்கிறார்கள். இருபது மகள்களை வைத்துப் போட்ட எண்ணுக்கும் இரண்டாயிரம் மகள்களை வைத்துப் போட்ட எண்ணுக்கும் ஒரே எடை கொடுக்கக்கூடாது. இந்த விவரமெல்லாம் இல்லாமல் எழுத்து மட்டும் பளிச்சென்று அச்சாகியிருந்தால், ஊசி போட வருபவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அந்தக் குச்சிக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைத்த பணத்தில் மடிநோய்ச் சோதனைக் கரைசல் ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான்கு காம்பிலிருந்தும் இரண்டு பீச்சு எடுத்துத் தட்டில் சுழற்றிப் பாருங்கள். பன்னிரண்டு மாட்டுக்கும் சேர்த்து அரைமணி நேர வேலை. எந்த மாடு, எந்தக் காம்பு, எந்தத் தேதியில் இழுபட்டது என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டோடு வாருங்கள். எந்த மாட்டின் கிடேரியை வளர்ப்பது, எதற்கு எந்தக் காளை என்று உட்கார்ந்து பேசுவோம்.